முத்திரை பதித்த சிவப்புத் தோல்

வைரவன் செட்டியாருக்கு ஒரே பித்து. அரச குடும்பங்களின் நூலகங்களிலிருந்து வந்த, தோல் அட்டை கட்டிய பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்ப்பார். அட்டையில் ராஜாவின் முத்திரை தங்கத்தில் பதிந்திருக்க வேண்டும். வாங்கியதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். பிரித்தால் முதுகுத்தோல் வெடித்துவிடும் என்று யாரையும் தொட விடமாட்டார். அவரும் பிரித்ததில்லை.

மனைவி உமையாள் இறந்து காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில், அவற்றில் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்தார். மடத்தில் ஞானாம்பிகை அம்மை இருந்தார். செட்டியாரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மைதான் குரு.

செட்டியார் துணியைப் பிரித்தார். சிவப்புத் தோல். நடுவில் கிரீடமும் இரண்டு யானைகளும் மின்னின.

"அழகாக இருக்கிறது" என்றார் அம்மை.

"உள்ளே பாருங்க தாயே."

அம்மை அட்டையைத் திறந்தார். பொடி உதிர்ந்தது. பூச்சி அரித்து ஏடெல்லாம் சல்லடையாக இருந்தது. ஒரு வரிகூட முழுசாக இல்லை.

"எல்லாமே இப்படித்தானா?"

"அலமாரி முழுக்க இப்படித்தான். நேத்துத்தான் திறந்து பார்த்தேன்."

"இத்தனை நாள் இல்லாமல் நேற்று ஏன் திறந்தீர்கள்?"

செட்டியார் உதிர்ந்த பொடியைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"அவ படுக்கையில கிடந்தப்ப இதைத்தான் காட்டினா. கண்ணு சரியாத் தெரியாது. சிவப்பு மட்டும் தெரியும்போல. 'அதுல நாலு வரி படிச்சுக் காட்டுங்களேன்'னா. தோல் வெடிச்சிரும்னு சொல்லிட்டேன். அப்புறம் அவ கேக்கவே இல்லை."

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது? ஆனா அவளுக்கு என்ன கிடைக்காமப் போச்சுன்னாவது எனக்குத் தெரியணும் தாயே. இதுல என்னதான் எழுதியிருந்தது?"

அம்மை புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். "படியுங்கள்."

"இதையா?"

"இருக்கிறதைப் படியுங்கள். நான் கேட்கிறேன்."

செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓர் எழுத்து, ஒரு துளை, அரைச் சொல், மறுபடி துளை. தடவித் தடவிப் படித்தார். அம்மை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம் போனது. செட்டியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"முடியல தாயே. இதுல ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு ஏதாவது விளங்குச்சா?"

அம்மை கண்ணைத் திறந்தார்.

"ஒன்றும் விளங்கவில்லை ஐயா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும்."