மத்தியானப் பூட்டு

செங்கோடன் கையில் எடுத்த முட்டை எடுத்த இடத்திலேயே உடைந்தது. அன்றைக்கு அது பதினேழாவது. ஓடு தாள் மாதிரி இருந்தால் வேறென்ன ஆகும்.

நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயில். கொட்டகைக்குள் எண்ணூறு கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. இப்படியே போனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கு ஏற்றிவிடுகிறேன் என்று வெளியூர் மகன் போனில் சொல்லிவிட்டான். ஏற்றிவிட்டால் அந்தத் தோட்டத்தில் செங்கோடன் ஒருத்தர்தான். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருசம்.

பாவாயிக்கு ஆள் அனுப்பினார். தீவன மில்லில் கலவை போடுகிறவள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். கண்டக்டர் வேலை முடிந்து வந்த மனுசனுக்குக் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அதனால் அவருக்கு அவள் வாத்தியாரம்மா.

"கிளிஞ்சல் போட்டேன். சோடா உப்புப் போட்டேன். வைட்டமின் பொடியும் போட்டேன். இன்னும் என்ன போடணும் வாத்தியாரம்மா?"

பாவாயி தொட்டிக்குள் விரலை விட்டாள். தீவனம் வைத்தபடியே கிடந்தது.

"எப்ப வெச்சீங்கண்ணா?"

"பன்னெண்டு மணிக்கு. மத்தியானம் பூரா நான் உள்ளதான் இருப்பேன். தொட்டியக் கிளறிவிடுவேன், ரெண்டு வார்த்தை பேசுவேன்."

"கோழிகிட்டயா?"

"வேற யாருகிட்டப் பேசறது?"

"அதுக என்ன பண்ணும்?"

"நான் போனா எந்திரிச்சு நிக்கும். மரியாதை தெரிஞ்சதுக."

பாவாயி சிரிக்கவில்லை. தொட்டித் தீவனத்தைத் திரும்ப மூட்டையில் அள்ளிவிட்டு அவரை வெளியே வரச் சொன்னாள். கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாலரைக்குத் தொறப்பேன்."

"பட்டினியாக் கெடக்குமே."

"வெக்கையில தின்னா ஒடம்பு இன்னும் கொதிக்கும். நீங்க போய் எழுப்பிவிட்டாலும் கொதிக்கும். நாலு பக்கமும் வலை, குழாயில தண்ணி. போதும்."

இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். செங்கோடன் இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் அவள் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டார். உள்ளே சலசலப்பு மெல்ல அடங்கியது.

வெயில் தாழ்ந்து காற்று வந்ததும் திறந்தாள். அதே தீவனத்தை அவரையே வைக்கச் சொன்னாள். மேலே ஒரு கை கிளிஞ்சல் தூவினாள். ஓடு ராத்திரியில்தான் கட்டும் என்றாள். கோழிகள் தொட்டியைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தன.

ஐந்து நாள் மத்தியானமும் வந்து பூட்டினாள், கூட உட்கார்ந்தாள். ஆறாம் நாள் சனிக்கிழமை. செங்கோடன் இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். டக்கென்றது. மகனுக்குப் போன் போட்டார். கறிக்கு வண்டி வேண்டாம் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

"எந்தப் பொடி கேட்டுது வாத்தியாரம்மா?"

"எல்லாம் நல்ல பொடிதான். திங்க விடணுமில்ல."

சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

"இனி நீங்களே பூட்டிக்குங்க. எனக்கு மில்லு இருக்குது."

"மழை வர்ற வரைக்கும் மத்தியானம் உள்ள போகவே கூடாதா?"

"கூடாது."

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். செங்கோடன் பூட்டிய கதவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"அந்த நாலரை மணி நேரம் நான் எங்க போறது?"

ஸ்டார்ட் செய்த வண்டியைப் பாவாயி அணைத்தாள். பிறகு சொன்னாள்.

"நான் கோழிக்குத்தானுங்கண்ணா வைத்தியம் பாக்கறேன்."