கொக்கு வைத்தியரும் கரடியின் மீனும்

மலையடிக் காடு ஒன்றில் ஒரு கரடி மீன் வளர்த்தது. சிரிக்காதீர்கள், குழந்தைகளே! தேனும் கரையானும்தான் கரடியின் சாப்பாடு; மீனைத் தின்னாது. காட்டு பங்களாவில் யாரோ விட்டுப்போன கண்ணாடித் தொட்டியை, உள்ளே இருந்த சிவப்பு மீனோடு தூக்கிவந்து குகை வாசலில் வைத்திருந்தது.

மீன்மேல் கரடிக்கு உயிர். பிரியம் வந்தபோதெல்லாம் ஒரு பிடி கரையான் போடும். பிரியமோ நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது.

ஒரு நாள் காலை மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. துடுப்புகள் ஒடுங்கிக் கிடந்தன.

"ஐயோ, என் செல்லத்துக்கு என்ன ஆயிற்று?" என்று கரடி அலறியது.

எதையும் யோசிக்காமல் பேசும் குரங்கு மரத்திலிருந்தே சொன்னது: "இதுகூடத் தெரியாதா? வாயைத் திறந்தால் பசி!"

கரடி அவசரமாக இரண்டு பிடி கரையான் போட்டது. மீன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

அப்போது கொக்கு மெதுவாக நடந்து வந்தது. "நான் வைத்தியன். தொண்டையில் கரையான் சிக்கியிருக்கிறது. அலகை விட்டு எடுத்துவிடுவேன். ஆனால், நீ பார்த்துக்கொண்டிருந்தால் என் அலகு நடுங்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்."

"பார்த்துச் செய்யுங்கள், வைத்தியரே," என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது.

"நில்லுங்கள், கரடியண்ணா!" என்று ஒரு குரல் கேட்டது. ஈரப் பாறையில் உட்கார்ந்திருந்த தவளைதான். "எல்லோரும் மீனின் வாயையே பார்க்கிறீர்கள். தண்ணீரை யாராவது பார்த்தீர்களா?"

"தண்ணீருக்கா காய்ச்சல்? உன்னை யார் கேட்டது?" என்று கொக்கு முறைத்தது.

கொக்கைக் கண்டால் தவளைக்கு உதறல்தான். ஆனாலும் மீனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டென்று தொட்டிக்குள் குதித்தது. குதித்த வேகத்திலேயே வெளியே வந்து விழுந்தது.

"அப்பப்பா! உள்ளே என் தோலால் மூச்சுவிடவே முடியவில்லை. அடியில் கரையான் அழுகிக் கிடக்கிறது. மீனுக்குப் பசியில்லை அண்ணா, மூச்சு முட்டுகிறது!"

கரடி குனிந்து மோந்து பார்த்தது. குமட்டியது. 'நான் போட்டதுதானே எல்லாம்!' என்று அதற்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

கொக்கு ஓரடி முன்னால் வந்தது. "நீ தண்ணீரை மாற்றுவதற்குள் நான் வேண்டுமானால்..."

"நீங்கள் கிளம்புங்கள், வைத்தியரே," என்று கரடி கையை ஓங்கியது. கொக்கு பறந்துவிட்டது.

கரடி அழுகலை வாரி எறிந்தது. சுரைக்குடுவையால் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியது. பிறகு தொட்டியருகே குப்புறப் படுத்துக் காத்திருந்தது. அன்று அதற்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மாலையில் மீன் மெல்ல நிமிர்ந்தது. துடுப்புகளை விரித்து அடிவரை நீந்திப்போய், திரும்பி வந்து வாலால் ஓர் அடி அடித்தது. தண்ணீர் கரடியின் முகமெல்லாம் தெறித்தது. கரடி துடைக்கவே இல்லை.

நீதி: நோயின் காரணம் தெரியாமல் காட்டும் அன்பும் நோயை வளர்க்கும். நோயாளியோடு அவர் வாழும் இடத்தையும் பார்.