முப்பதடி வரப்பு

பூச்சிமருந்து விற்றவர் கையில், விஷமில்லாத தோட்டம் என்று சான்று எழுதும் பேனாவைக் கொடுத்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? பாலுக்குப் பூனை காவல் என்று பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள். ராக்கியப்பன் காதிலும் அது விழுந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் அவர் கடையில் வாங்கி அடித்தவர்கள். அவர்களுக்குச் சிரிக்க உரிமை உண்டு.

சத்தியமங்கலம் சாலையில் இருபத்தாறு வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். வாடிய இலை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். புழுவா, பூஞ்சையா, பக்கத்துக் காட்டுக்காரன் அடித்த மருந்து காற்றில் வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்துக் கத்தரிச் செடி.

அந்தக் கத்தரிச் செடிதான் அவரைக் கெடுத்தது, அல்லது திருத்தியது. ஒரு நாள் கத்தரிக்குப் புழு மருந்து வாங்க மயிலாத்தாள் என்ற அம்மா வந்தார். கடையில் ஆள் இல்லாததால் பின்பக்கம் போய்ப் பார்த்தார். ராக்கியப்பன் அங்கே காய் பறித்துக்கொண்டிருந்தார். செடியில் சொத்தையும் நல்லதுமாகக் காய் தொங்கியது. இதற்கு நீங்கள் எந்த மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இதுக்கு எதுவும் அடிக்கறதில்லீங்க அம்மிணி. இது வீட்டுக்கு" என்றார் ராக்கியப்பன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மயிலாத்தாள் மருந்து வாங்காமல் திரும்பிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பார் மனிதர். பேசாமல் போனார் பாருங்கள், அது மூன்று வருஷம் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. நான்காம் வருஷம் கடையை இழுத்து மூடிவிட்டு, அந்த அம்மாவின் தோட்டத்து வாசலில் போய் நின்றார். எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றார்.

அதற்குள் மயிலாத்தாளைச் சுற்றி ஐந்து விவசாயிகள் சேர்ந்திருந்தார்கள். அன்றைக்கு வாங்காத மருந்தை அவர் அதற்குப் பிறகும் வாங்கவில்லை என்பதும், மஞ்சளும் வாழையும் அதனால் ஒன்றும் செத்துப்போகவில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. ராக்கியப்பனைவிட அவர் ஒன்பது வயது இளையவர். இவர் அவரை அம்மிணி என்பார், அவர் இவரை அண்ணா என்பார். ஆனால் பாடம் கேட்கும்போது இவர்தான் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் குழுவுக்கு ஒரு நடைமுறை இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் சோதித்து, முப்பத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். அந்த வாரம் சனிக்கிழமை எல்லோரும் கூடிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் தோட்டத்து விளைச்சலுக்கு இயற்கை முத்திரை. மருந்து பட்ட அடையாளம் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், நிலத்துக்கு வயசு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்று வருஷத்துக்கு முத்திரை கிடையாது. பொய் எழுதியவர் என்று தெரிந்தால் அவருக்கு வாழ்நாளில் மறுபடி பேனா கிடையாது.

இன்னொன்றும் உண்டு, அது மயிலாத்தாள் வைத்தது. சோதனையின்போது தோட்டக்காரர் பின்னால்தான் நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் காட்ட வேண்டிய இடத்தை மட்டும்தான் காட்டுவோம் என்பார்.

ஆறு வருஷமாக ராக்கியப்பன் கைக்குப் பேனா வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு முகம் இல்லை. ஆனால் மற்றவர்கள் எழுதும்போது தள்ளி நின்று பார்ப்பார். ஒரே ஒரு தடவை நம்மையும் நம்பிக் கொடுத்தால், விற்ற பாட்டிலுக்கெல்லாம் அது ஒரு பதிலாக இருக்கும் என்று அவருக்கு ஆசை இருந்தது. இந்த வருஷம் மயிலாத்தாள் கூட்டத்தில் எழுந்து, என் தோட்டத்தை அண்ணன் பார்க்கட்டும் என்றார்.

ராக்கியப்பன் மறுநாள் காலையில் அவர் தோட்டத்துக்கு ஓடினார். மயிலாத்தாள் வாழைக்கு அடியில் சருகை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"கத்துக்குடுத்தவங்க தோட்டத்துல குத்தம் பாக்கலாமுங்களா அம்மிணி?"

மயிலாத்தாள் நிமிர்ந்து, அவர் சட்டைப் பையில் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பில் இரண்டு பக்கமும் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். திரும்பவும் சருகை இழுக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சோதனை. ராக்கியப்பன் முன்னால் நடந்தார், மயிலாத்தாள் நாலடி பின்னால் வந்தார். முழங்கால் வலி என்று ஒரு மாதமாக அவர் கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். மாட்டுக் கொட்டகை, சாணக் குழி, விதை வைத்திருக்கும் பானை, மூலிகைக் கரைசல் ஊறும் பீப்பாய் என்று எல்லாவற்றையும் ராக்கியப்பன் பார்த்தார். பீப்பாய்க்குள் கையை விட்டு மோந்தும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் இடுப்பளவு நின்றது. குற்றம் கண்டுபிடிக்க வந்த மனிதர் பாதி வழியில் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டார்.

கிழக்கு வரப்பில் ஏறியதும் அவர் கால் ஒரு கணம் நின்றது.

மழை பெய்து எங்கும் பச்சையாகக் கிடந்தது. அந்த வரப்பில் மட்டும் ஒரு முப்பதடி நீளம் புல் செத்துக் கிடந்தது. வேறு யார் பார்த்தாலும் காய்ந்திருக்கிறது என்று தாண்டிப் போயிருப்பார்கள். அறுத்த புல் நுனியில் காயும். வெயிலில் காய்ந்த புல்லுக்கு அடியில் பச்சை இருக்கும். இது குருத்தில் மஞ்சள் ஏறி வேர்வரைக்கும் செத்த புல். எந்த மருந்து, தெளிப்பான் டேங்க்குக்கு எத்தனை மூடி ஊற்றியது, அடித்து எத்தனை நாள் என்பதுவரை அவருக்குத் தெரிந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஓடை. பழியைப் போடப் பக்கத்துத் தோட்டம்கூட இல்லை.

பின்னால் வந்த காலடியும் நின்றது. ராக்கியப்பன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நடையைக் கட்டினார்.

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து எழுதினார். பதினெட்டுக் கேள்வி வரைக்கும் பேனா தானாக ஓடியது. பத்தொன்பதாவது கேள்வி: வரப்பு, வேலி, வாய்க்கால் ஓரங்களில் களைக்கொல்லி தெளித்த அடையாளம் உண்டா?

அவர் நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தார். யாரோ கூலியாள் தெரியாமல் செய்திருப்பான் என்று நினைத்தார். ஒன்பது வருஷ உழைப்புக்கு முன்னால் முப்பதடி எம்மாத்திரம் என்று நினைத்தார். விஷம் விற்ற கை, இந்த அம்மாவுக்கு எதிராக ஒரு வார்த்தை எழுதலாமா என்று நினைத்தார். இதெல்லாம் நன்றி என்றுதான் அவருக்குத் தோன்றியது. அடியில் இருந்தது வேறு. இந்தத் தோட்டமே சுத்தமில்லை என்றால், இதை நம்பிக் கடையை மூடியவன் கதி என்ன என்கிற பயம் அது.

இல்லை என்று எழுதினார். கையெழுத்து மணி மணியாக விழுந்தது. மீதிக் கேள்விகளையும் முடித்தார்.

எழுதியதைத் தோட்டக்காரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ராக்கியப்பன் வாசித்தார். மயிலாத்தாள் முழங்காலைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வந்ததும் கை நின்றது.

"அதை இன்னொருக்காப் படிங்க."

படித்தார்.

"அண்ணா, நீங்க கடையில இருந்தப்ப, அந்தக் கிழக்கு வரப்புப் புல்லு மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து காட்டினா, அடிச்சு எத்தனை நாளாச்சுன்னு சொல்லியிருப்பீங்க?"

ராக்கியப்பன் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. புல்லைப் பார்த்து நாள் சொல்வது ஒன்றுதான் அவருக்கு ஐயமில்லாமல் தெரிந்த வித்தை.

"பன்னெண்டு நாளுங்க" என்றார்.

"பதிமூணு. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். மயிலாத்தாளின் முகம் சிவந்து, கண்ணாடித் துண்டை மிதித்தவர் முகம்போல இறுகியிருந்தது. கூலியாள் யாரும் இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மயிலாத்தாள் சொன்னார், எதையும் மறைக்காமல் சொன்னார். முழங்கால் மடங்காமல் ஒரு மாதமாகப் புல் அறுக்க முடியவில்லை. கூலிக்குச் சொல்லிவிட்டும் ஆள் வரவில்லை. புல் இடுப்புக்கு வளர்ந்து, அதற்குள் விரியன் ஒன்று போனதைக் கண்டார். தன்னைத் தெரியாத ஊருக்கு பஸ் ஏறிப்போய் ஒரு பாட்டில் வாங்கினார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டாரா என்றால் கேட்கவே இல்லை. ஆனாலும் இவராகவே தங்கச்சி தோட்டத்துக்கு என்று சொல்லிவைத்தார். ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானத்தில் அடித்தார். அடிக்கும்போது புல்லைப் பார்க்கவில்லையாம், பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம், யாராவது வருகிறார்களா என்று. முப்பதடி போனதும் கை ஓடவில்லை. மீதி மருந்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

"ஒன்பது வருசமா ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாயிங்க இது" என்றார்.

ராக்கியப்பனுக்கு அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. இந்தக் குழுவில் யாருக்கும் செத்த புல்லைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்கத் தெரியாது, ஐப்பசி மழை பிடித்தால் இருபது நாளில் புதுப் புல் முளைத்துவிடும் என்றார்.

"அது எனக்கும் தெரியுமுங்க. கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளு குழுவுல நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் உங்க பேரைச் சொன்னேன்."

அந்த வார்த்தை அவரை எங்கே தொட வேண்டுமோ அங்கே தொட்டது. ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த பேனா. கடையில் கற்ற வித்தைக்கு ஒரே ஒரு நல்ல வேலை வந்தது. அந்த வேலையை அவர் கண்ணாடியோடு சேர்த்துக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் இருந்தவரை அவர் விற்றது விஷம்தான், ஆனால் விஷத்தை விஷம் என்று சொல்லித்தான் விற்றார். இன்றைக்கு அதுகூட இல்லை.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. கேட்டார்:

"நீங்களே கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமில்லீங்களா அம்மிணி?"

"சொல்லலாம்னுதான் ரெண்டு ராத்திரி நெனச்சேன். நானாச் சொன்னா என்ன நடக்கும்? எப்பேர்ப்பட்ட மனுசி பாரு, தன் குத்தத்தைத் தானே சொல்றாங்கன்னு இன்னும் ஒரு படி மேல தூக்கி வெப்பாங்க. மருந்தடிச்சதுக்கு எனக்கு மாலை விழும். மாட்டிக்கிட்டாத்தானுங்க அது குத்தமா நிக்கும்."

ராக்கியப்பன் தாளை மடியில் விரித்து, பத்தொன்பதாவது வரியைப் பார்த்தார். இல்லை என்ற வார்த்தை அழகாக இருந்தது. எழுதியதை அழிக்கக் கூடாது, மாற்ற வேண்டுமென்றால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதி, கையெழுத்திட வேண்டும் என்பது குழுவின் வழக்கம். சனிக்கிழமை ஐந்து பேரும் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். கோட்டுக்கு அடியில் இருக்கிற வார்த்தையையும் படிப்பார்கள். முதலில் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். பேனாவைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

அவர் மெதுவாகத் தாளை மடித்தார்.

"வேற தாளு ஒண்ணு இருந்தாக் குடுங்க அம்மிணி. உண்டுன்னே எழுதிக் குடுத்தர்றேன். சுத்தமா எழுதிக் குடுத்தர்றேன்."

மயிலாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கையிலிருந்த தாளை வாங்கி, மடிப்பை நீவி, திரும்ப அவர் மடியிலேயே வைத்தார்.

"எனக்கு வேற வரப்பு யாருங்ணா குடுக்கறாங்க? இதுலயே அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுங்க."