கெளுத்தியின் நோன்பு

கழிமுகத்தில் விடியல் சத்தமில்லாமல் வரும். பனி இறங்கிவிட்டால் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சிங்கார அடிகளின் குடில் இரண்டுக்கும் நடுவே மிதப்பதுபோல இருக்கும்.

அன்று சீடன் மாரப்பன் துறவு ஏற்பதாக இருந்தது. குடில் வாசலில் புதுக் காவித் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மாரப்பன் ராசிபுரத்துக்காரன். மனைவி இறந்ததும் மூன்று வயது மகளை அங்கேயே அக்காள் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன். ஒரு மண்டலம் பழச்சாறு மட்டுமே குடித்திருந்தான். மகளின் பெயரைச் சொல்வதில்லை என்பது நோன்பில் அவனாகச் சேர்த்துக்கொண்டது.

குளிக்க இறங்கியவன் ஒரு கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஒரு கெளுத்தி சிக்கியிருந்தது. உடம்பு வற்றி, தலை மட்டும் பெருத்திருந்தது. பிதுங்கிய வாய்க்குள் கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள்.

"பேராசையைப் பாருங்க சாமி. எது போட்ட முட்டையோ! முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

மீனவர் குப்பத்தில் பிறந்த அடிகள் பதறி எழுந்தார்.

"வாயை அமுக்காதே! தண்ணிக்குள்ள இறக்கு, மாரப்பா. தண்ணிக்குள்ள!"

இருவரும் இடுப்பளவு நீரில் நின்றார்கள். மாரப்பன் மீனைத் தாங்கிக்கொள்ள, அடிகள் வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்தார். மீனின் முதுகு முள் அவர் கட்டைவிரலில் ஏறியது.

"குத்திடுச்சுங்களா சாமி?"

"பின்னே, கும்பிடவா செய்யும்?"

இன்னொரு கண்ணியை அறுத்தார்.

"அது எதையும் திங்கலை. தாய் முட்டை போட்டுட்டுப் போயிடும். இவன் தகப்பன். முட்டையெல்லாம் வாயில வாங்கி வச்சுக்குவான். பொரிஞ்சு, குஞ்சு தானா இரை தேடுற வரைக்கும் இந்த வாய்தான் வீடு."

"அதுவரைக்கும் சாப்பாடு?"

"எந்த வாயால?"

மாரப்பன் குனிந்து பார்த்தான். செவுள் அசையும்போதெல்லாம் முட்டைகள் மெல்லப் புரண்டன. ஒன்றுக்குள்ளிருந்து இரண்டு கரும்புள்ளிகள் அவனைப் பார்த்தன.

"அத்தனை நாளும் எங்க இருக்கும்?"

"கீழே, சேத்துல. வெளிச்சம் எட்டாது. மூக்குக்கு முன்னாடி இறால் போகும், புழு போகும். பார்த்துக்கிட்டே கிடப்பான். தலைக்கு மேல கடல் ஏறும், இறங்கும்."

கடைசிக் கண்ணியும் அறுந்தது. மீன் உடனே போகவில்லை. தூங்குவதுபோல மாரப்பனின் உள்ளங்கையில் கிடந்தது. பிறகு கலங்கல் நீர் அதை எடுத்துக்கொண்டது. கை மட்டும் அப்படியே விரிந்திருந்தது.

"பசியில ஒண்ணையாவது முழுங்கிடாதுங்களா சாமி?"

அடிகள் விரலில் வழிந்த ரத்தத்தை நீரில் அலசினார்.

"நீயும்தான் ஒரு மண்டலமா சாப்பிடலை. உன் வாயில என்ன இருக்கு?"

"ஒண்ணும்..."

பனிக்குள் எங்கோ ஒரு படகு போனது. அதன் அலை வெகுநேரம் கழித்து வந்து இருவரையும் லேசாக ஆட்டியது.

"பாவாயி," என்றான் மாரப்பன்.

எதிர்க்கரையில் ஒரு நாரை தலையைத் திருப்பியது. அவன் மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னான்.

அடிகள் கரையேறினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு காவித் துணியை எடுத்து நீட்டினார்.

"இப்பவே கட்டிக்கட்டுங்களா சாமி?"

"உனக்கில்லை. உங்க ஊர்ல இந்த மாசம் குளிர் ஜாஸ்தி. பிள்ளையை இதுல சுத்தித் தூக்கிட்டு வா."