முள்ளம்பன்றியின் செடியும் குரங்கின் புளியும்

ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரைக் காடு. அங்கே ஒரு முள்ளம்பன்றி சின்னதாக ஒரு பழச்செடி வளர்த்தது. நிழல் பார்த்து நட்டு, மட்கிய இலைகளைக் கொட்டி, தினமும் தண்ணீர் ஊற்றியது. நாலு வருஷம் கழித்துத்தான் அது காய்த்தது. களாக்காய் அளவில் சிவப்புச் சிவப்பாகப் பழங்கள்!

பழத்தில் பெரிய ருசி இல்லை. ஆனால் அதைத் தின்றபின் எந்தப் புளிப்பைத் தின்றாலும் தேனாக இனிக்கும்.

பக்கத்தில் ஒரு குரங்கின் புளியமரம். அந்தப் புளிப்புக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கமே போவதில்லை.

ஒருநாள் முள்ளம்பன்றி குரங்குக்கு இரண்டு பழம் கொடுத்தது.

"ப்பூ! இதுக்கா நாலு வருஷம்?" என்று சிரித்துவிட்டு, குரங்கு தன் மரத்தில் ஏறி ஒரு புளியைக் கடித்தது. தித்தித்தது!

"என் மரம் இனிக்குது! எல்லாம் என் கைராசி!"

"அண்ணே, அது என் பழத்தோட வேலை!"

"போடா முள்ளா! இத்தனூண்டு பழத்துக்கு இவ்வளவு வாயா?"

ஆற்றங்கரைக்குத் தலைவர் யானை. தன் புளியின் இனிப்பைக் காட்டக் குரங்கு ஓடிப்போய் அதை அழைத்துவந்தது. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பலாமா என்று முள்ளம்பன்றி ஒரு கைப் பழம் நீட்டியது. பாவம், அந்த நல்ல குணமே அதற்கு வினையாயிற்று!

அதை விழுங்கிவிட்டு யானை புளியைத் தின்றது. "ஆஹா! வெல்லம் கெட்டது போ!"

"தலைவரே, இந்தச் செடியைப் பிடுங்கிட்டா இங்கே பத்துப் புளியமரம் வைக்கலாம்!" என்றது குரங்கு.

"ஐயோ, வேண்டாம்! நாலு வருஷ உழைப்பு!" என்று முள்ளம்பன்றி கதறியது.

யார் கேட்டது? யானையின் ஒரே இழுப்பில் செடி வேரோடு வந்துவிட்டது.

மறுநாள் காட்டுக்கே புளி விருந்து. யானை ஒரு குலையை அப்படியே வாயில் போட்டது. தும்பிக்கை சுருண்டது. காதுகள் கண்ணை மூடிக்கொண்டன. வரிக்குதிரை பல் கூசி ஆற்றுக்கு ஓடியது. குரங்கும் ஒன்றைக் கடித்துப் பார்த்து முகம் கோணியது.

"நேற்றைய இனிப்பு எங்கேடா?" என்று யானை பிளிறியது.

முள்ளம்பன்றிதான் பதில் சொன்னது. "நேத்து நீங்க பிடுங்கிப் போட்டீங்களே, அங்கே கிடக்குது!"

யானைக்கு வெட்கமாகப் போயிற்று. உதிர்ந்த பழத்திலிருந்து ஒரு விதையை எடுத்துத் தானே நட்டது. அது காய்க்கும்வரை தண்ணீர் சுமப்பது குரங்கின் வேலை. அதுவரைக்கும் சாப்பாடு, அதன் சொந்த மரத்துப் புளிதான்!

பிறர் தந்த இனிப்பைத் தன் பெருமையாக்கிக்கொண்டு, தந்தவரின் வேரையே பிடுங்குகிறவனுக்குப் புளிப்புதான் மிஞ்சும்.