ஒற்றைக்காலில் நின்ற மகாராஜா

முன்னொரு காலத்தில், கடலோர ராஜ்ஜியம் ஒன்றைச் சிங்ககேது மகாராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் தம் பாட்டனார் பெருமையை யாராவது பேசத் தொடங்கிவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். அரண்மனை முற்றத்தில் பெரிய வெண்கல மணி ஒன்று தாழத் தொங்கியது. அதைச் சுற்றிலும் கிராம்புத் தீவின் எழுத்துகள். பாட்டனார் அந்தத் தீவை வென்று கொண்டுவந்த மணி என்று ஊரே நம்பியது. அதனால் ஆண்டுதோறும் வெற்றித் திருநாளில், பொற்செருப்பணிந்த இடது காலால் மகாராஜா அதை ஓர் உதை உதைப்பார். மணி கதறும், சபை கைதட்டும்.

அந்தச் சபையில் சடையாண்டி என்றொரு விகடகவி இருந்தான். மாலையானால் துறைமுகத்தில் கிராம்பு மூட்டைமேல் உட்கார்ந்து, தீவு மாலுமிகளோடு அரட்டை அடிப்பான். வசவில் தொடங்கி எழுத்துவரை அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டான். ஒருநாள் போகிற போக்கில் மணியைப் படித்துவிட்டான். பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆண்டுத் திருநாளுக்குக் கிராம்புத் தீவின் தூதரே வரப்போகிறார்! அவர் கண்ணெதிரே மணியை உதைத்தால் என்ன ஆகும்?

சபையில் சொல்லிவிட்டான். "அரசே, அது கொள்ளைப் பொருள் அல்ல. 'மழை பொய்த்த ஆண்டில் ஏழு கப்பல் அரிசி அனுப்பி எங்களைக் காத்த மன்னருக்கு இது காணிக்கை. இதை ஒலிப்பவர் முதலில் ஒரு பிடி அரிசியை இதன் கீழே வைக்கட்டும்' என்று எழுதியிருக்கிறது."

ஆஸ்தானப் புலவர் வித்துவசிகாமணி துள்ளி எழுந்தார். பாட்டனார் எழுநூறு கப்பல்களை மூழ்கடித்ததாகப் பாடி ஒரு கிராமத்தையே மானியமாகப் பெற்றவர் அவர். "அபசாரம்! அது தோற்ற அரசனின் மன்னிப்பு ஓலம்!"

"புலவருக்கு அந்த மொழி தெரியுமோ?" என்றான் சடையாண்டி.

"அந்நியன் பாஷை எனக்கெதற்கு? நம் பாட்டனார் சரித்திரம் நம் பாஷையில் இருக்கிறது. அரசே, தினமும் துறைமுகத்தில் குசுகுசுக்கும் இவன் ஒற்றன்!"

மகாராஜாவின் மீசை துடித்தது. "சடையாண்டி, திருநாளன்று இதை நிரூபிக்க வேண்டும். அதுவரை அந்நிய மொழியில் ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரக்கூடாது. தூதரை நீ பார்க்கவும் கூடாது. தவறினால் அடுத்த கப்பலில் உன்னை ஏற்றிவிடுவேன். மறுபடி இந்தக் கரையை மிதிக்க முடியாது!"

சடையாண்டியின் வாய் சும்மா இருக்குமா? "வார்த்தைதானே வரக்கூடாது? அப்படியே ஆகட்டும், அரசே!"

திருநாளன்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு கூடை அரிசியை மணியருகே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். "பொங்கல் வைக்கப் போகிறானாம்!" என்றார் புலவர். சபை சிரித்தது.

மகாராஜா காலைத் தூக்கினார். அந்த நேரம் தூதர் உள்ளே வந்தார். மணியைக் கண்டதும் அவர் வேறெதையும் பார்க்கவில்லை. எழுத்துகளைத் தடவியபடி அதைச் சுற்றிவந்தார். உதடுகள் முணுமுணுத்தன, கண்கள் நிறைந்தன. கூடையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி மணியின் கீழே வைத்தார். பிறகு கையால் மெல்லத் தட்டினார். இத்தனை காலம் கதறிய மணி அன்று பாடியது.

தூக்கிய கால் தூக்கியபடியே மகாராஜா கொக்குபோல நின்றார். பாட்டனார் கையால் ஊட்டியதற்கு வந்த காணிக்கையையா இத்தனை நாள் காலால் உதைத்தோம் என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏழு கப்பல் எழுநூறாகப் பெருகியது யார் கைங்கரியம் என்பதும் விளங்கிவிட்டது.

தூதர் நிமிர்ந்தார். மகாராஜாவைப் பார்த்து வியப்போடு ஏதோ கேட்டார்.

"என்ன கேட்கிறார்?"

சடையாண்டி வாய்க்கட்டைச் சுட்டிக் காட்டினான்.

"தடை நீங்கியது! சொல்லித் தொலை!"

சடையாண்டி துணியை அவிழ்த்தான். "ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள் என்கிறார், அரசே."

"ஐயோ! எதையாவது சொல்லிச் சமாளி!"

சடையாண்டி இரண்டு வார்த்தை சொன்னான். தூதர் முகம் மலர்ந்தது. அவரும் மரியாதையோடு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"என்னடா சொன்னாய்?"

"உயிர் நண்பர்களை இப்படி வரவேற்பதுதான் எங்கள் வழக்கம் என்றேன். தயவுசெய்து இதைப் புலவர் பாட்டில் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்!"

மகாராஜா சிரித்த சிரிப்பில் பொற்செருப்பு கழன்று விழுந்தது. மற்றதையும் கழற்றி, இரண்டையும் சடையாண்டிக்கே பரிசாகக் கொடுத்தார். வெறுங்காலோடு போய் மணியின் கீழே ஒரு பிடி அரிசி வைத்தார்.

வித்துவசிகாமணியைத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கிராம்பு மூட்டைமேல் உட்கார்ந்து தீவு மொழி படிக்கிறார். வசவுப் பாடத்தை இன்னும் தாண்டவில்லை என்று கேள்வி.