மாம்பழம் தின்ற முதலை

கயல்துறை என்று ஓர் ஊர். ஆற்றை நம்பிப் பிழைக்கிற ஊர். அந்த ஆற்றில் முதலையும் உண்டு. அங்கே பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததுமே சொல்லித் தருகிற கதை ஒன்று இருந்தது. அக்கரைக்குப் போக ஆசைப்பட்ட சிறுவனிடம் ஒரு முதலை, தேனொழுகப் பேசி, முதுகில் ஏறிக்கொள்ளச் சொல்கிறது. சிறுவன் ஏறுகிறான். நடு ஆற்றில் முதலை அவனை விழுங்கிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. கேட்ட பிள்ளை அன்று முழுக்க அழும். அதற்கப்புறம் தனியாகப் படித்துறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

அந்தக் கதையைக் கேட்காத ஒரே குழந்தை, இளவரசி நீலவேணி. தாயைப் பறிகொடுத்த பிள்ளை. சாவு என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் தூக்கத்தில் வீரிட்டு அலறுவாள். மன்னர் பொன்மாறர் அரண்மனைக் கதைசொல்லி மாசாத்தியை அழைத்தார். "என் மகளுக்குச் சொல்லும் கதைகளில் யாரும் சாகக் கூடாது. மீறினால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மாசாத்தி லேசுப்பட்டவளா? அவள் கதையில் புலி கீரை தின்றது. கழுகு கோழிக்குஞ்சுகளுக்குத் தாலாட்டுப் பாடியது. நீலவேணி விழுந்து விழுந்து சிரித்தாள், மாசாத்திக்கும் அந்தச் சிரிப்பு ருசித்துவிட்டது. ஒருநாள் முதலைக் கதையிலேயே கைவைத்தாள். அவளுடைய முதலை சிறுவனைப் பத்திரமாக அக்கரை சேர்த்தது. சிறுவன் அதற்கு ஒரு மாம்பழம் கொடுத்தான். குழந்தை கைதட்டிக் குதித்தாள். அன்றிலிருந்து தினமும் அதே கதைதான்.

புதுவெள்ளம் வந்த நாளில் ஊரே ஆற்றங்கரையில் கூடியிருந்தது. இளவரசியைக் கூட்டி வந்திருந்த மாசாத்தி, ஆற்றில் தூவக் கூடையிலிருந்து பூவை அள்ளக் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தால், இளவரசி கடைசிப் படியில் நிற்கிறாள். படியை ஒட்டித் தண்ணீரில் சேறு படிந்த கட்டை மாதிரி ஏதோ கிடக்கிறது. நீலவேணி அதன்மேல் ஒரு காலை வைத்து, "என்னை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

மாசாத்தி கூடையைக் கீழே போட்டாள். ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. அதற்குள் ஓடக்காரன் கூத்தனின் மகள் வஞ்சி பாய்ந்து வந்து, இளவரசியின் பாவாடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவளும் சின்னப் பெண்தான். நீலவேணி படியில் விழுந்தாள். கட்டை வாயைத் திறந்து வஞ்சியின் கையைக் கவ்வியது. கூத்தன் துடுப்பால் அடித்து அடித்து மகளை மீட்டான். வஞ்சிக்கு உயிர் மிஞ்சியது; வலது கை போய்விட்டது.

காயம் ஆறியதும் கூத்தன் மகளைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தான்.

"என் பொண்ணு கைக்கு யாரு பதில் சொல்றது, மகாராஜா?"

மன்னர் மாசாத்தியைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "ஆணை போட்டது நீங்க. நான் அதுப்படிதானே சொன்னேன், மகாராஜா?"

"யாரும் சாகக் கூடாது என்றேன். முதலையை நல்லதாக்கு என்றா சொன்னேன்?"

மன்னர் வஞ்சியிடம் திரும்பி, "உனக்கு முதலைக் கதை தெரியாதா, அம்மா? பயமாக இல்லையா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும். இளவரசிக்குத் தெரியலைன்னு அவங்க காலை வெச்சதுமே புரிஞ்சுபோச்சு" என்றாள் வஞ்சி.

அப்போதுதான் மன்னர் மடியில் இருந்த நீலவேணி வாயைத் திறந்தாள். "முதலைமேல தப்பில்லப்பா. நான் மாம்பழம் கொண்டுபோகலைல்ல, அதான் அதுக்குக் கோபம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

மாசாத்தி வஞ்சியைப் பார்த்தாள், நீலவேணியைப் பார்த்தாள். தன் கண்ணெதிரே ஒரு கை போயிருக்கிறது, அதற்குப் பிறகும் இந்தக் குழந்தை கதையைத்தான் நம்புகிறாள். மன்னர் மகளை இறுக அணைத்துக்கொண்டாரே தவிர, அவளிடம் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை.

மாசாத்தி குழந்தையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பழைய கதையை, ஊர்ப் பிள்ளைகள் கேட்டபடியே, முதலிலிருந்து சொன்னாள். "நடு ஆத்துல முதலை அவனை முழுங்கிடுச்சு, கண்ணு. அவன் செத்துப்போயிட்டான். திரும்பி வரவே இல்ல."

நீலவேணி வீரிட்டாள். "அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டு, அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாசாத்தியை அதற்குப் பிறகு அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சத்தியமோ சபையறிய மீறப்பட்டுவிட்டது. மன்னர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

நீங்கள் அந்தச் சபையில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? வஞ்சியின் கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்: ஆணையிட்ட மன்னரா, கதையை மாற்றிய மாசாத்தியா? சத்தியத்தை மீறியவள் நாட்டைவிட்டுப் போகத்தான் வேண்டுமா?

விடை: மன்னர் என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் மாசாத்தி. முதலைக் கதையை அவள் சொல்லாமலே விட்டிருந்தாலும் ஆணை காப்பாற்றப்பட்டிருக்கும்; எந்தக் கதையும் கேட்காத குழந்தை முதலை முதுகில் காலை வைத்திருக்காது. அவள் முதலைக்கு மாம்பழம் ஊட்டியது குழந்தையின் கைதட்டலுக்காக. என்றாலும் அவளை நாடு கடத்துவது அநியாயம். பெற்ற தகப்பனுக்கே நாக்கு எழாத நேரத்தில், அந்தக் குழந்தையை மறுநாள் ஆற்றுக்குப் போகவிடாமல் தடுத்தது அவள் மீறிய சத்தியம்தான். பொன்மாறரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அரண்மனையில் அவளிடம் கதை கேட்க இனி ஆளில்லை. அவள் தினமும் காலையில் ஓடக்காரன் வீட்டுக்குப் போய் வஞ்சிக்குத் தலை பின்னிவிட்டாள். ஒற்றைக் கையால் பின்னிக்கொள்ள முடியாது.